நேரசை

பேப்பரில் நான்கு அங்குலம்.
ஹெஸ்டர் வின்கேட், நடிகை, வயது எண்பத்தேழு.
இருபத்திரண்டு படங்கள், மூன்று கணவர்கள், ஒரு பதக்கம்.
'அறுபத்தொன்றில் கீழைநாடுகளில் சுற்றுப்பயணம்'
என்று ஒரு வரி.
அந்த வரிக்குள்தான் கொழும்பு இருக்கிறது.
கொழும்புக்குள் நான்,
மேடையின் இடப்பக்கத் திரைக்குப் பின்னால்
ஒரு முக்காலியில்,
மடியில் பிரதி, கையில் டார்ச்.

பகலில் சுங்கத்தில் எழுதுவினைஞன்.
ஆங்கிலத்தை வெள்ளைக்காரன்போலக் கிசுகிசுப்பான் என்று
யாரோ சொல்ல, எடுத்துக்கொண்டார்கள்.
நிகழ்ச்சித்தாளில் கடைசிப் பெயர் என்னுடையது.
ஞானசபேசன்,
'ஜி. சேபசன்' ஆகிக் கிடந்தேன்.

புலவருக்கு அடியெடுத்துக் கொடுக்கத்
தெய்வம் வருமாம்.
ஹெஸ்டருக்குச் சுங்கத்திலிருந்து ஆள் போயிற்று.

மூன்றாம் அங்கத்தில் கடிதத்தை எரித்துவிட்டு
அவள் சொல்லவேண்டும்:
நீ போனது ஒரு வியாழக்கிழமை.
பதினொரு இரவும்
கிழமையில் வந்து நின்றாள்.
நெருப்பு விரலைத் தொடப் போகும்.
முன்வரிசையில் விசிறிகள் ஓயும்.
'தேர்ஸ்டே' என்று முழுதாகக் கொடுக்க வேண்டியதில்லை.
'தேர்' என்பேன்.
உருளத் தொடங்கிவிடுவாள்.

ஆறாம் நாள் ஆட்டம் முடிந்து திரும்புகையில்
காலி வீதியில் கார் அசையவில்லை.
ஆடிவேல்.
பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மாடுகளின் வெண்முதுகு,
அதற்குப் பின்னால், மெதுவாக, வெள்ளி.
அது என்ன என்றாள்.
தேர் என்றேன்.
திரும்பி என் வாயையே பார்த்தாள்.
இன்னொரு தரம் சொல்.
சொன்னேன்.
இவ்வளவு பெரியதையா
தினமும் என் காதுக்குள் இழுத்து வந்தாய்
என்று சிரித்த சிரிப்பில்
கரும்புக்காரன் இலவசமாக ஒரு துண்டு நீட்டினான்.

கடிக்கத் தெரியாமல் கடித்தபடி சொன்னாள்.
ஹல் துறைமுகத்தில் மீன் விற்றவரின் மகள்.
பதினாறில் மேடையேறியது தட்டேந்தும் வேலைக்காரியாக.
வெறுங்கோப்பை. ஆனாலும்
சிந்திவிடக் கூடாதென்று நடந்தாளாம்.
அந்த நடைதான் படத்துக்குக் கூட்டிப்போனது.
யுத்தகாலத்தில் ஏழு படங்களில்
ஏழு ரயில் நிலையங்களில்
ஏழு சிப்பாய்களுக்குக் கையசைத்தாள்.
கதைப்படி ஒருவனும் திரும்பி வரவில்லை.
கதைக்கு வெளியே ஒருவன்,
அவனும்.
அவன் போன கிழமையை
நான் கேட்கவில்லை.
முப்பத்தெட்டில் தாய், நாற்பத்தைந்தில் அத்தை,
அடுத்தது தளபாடம் என்று
சக்கையைக் கைக்குட்டையில் துப்பினாள்.

பிறகு சவோயில் பார்த்தேன்,
அத்தையாக, இன்னொரு அத்தையாக.
அவள் மூச்செடுக்கும் இடமெல்லாம்
என் உதடு அசைய
பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பார்.

எண்பத்துமூன்று ஆடியில் ஒரு நாள்.
திங்கட்கிழமை.
அதே காலி வீதி. பஸ்ஸை மறித்தார்கள்.
மீசை அரும்பாத ஒருவன்
வாளியைத் தூக்கிக் காட்டி
இதற்குச் சிங்களத்தில் என்ன என்றான்.
இருபது வருஷம் அந்த மொழியில் கோப்பு எழுதியவன் நான்.
நாக்கில் வாளியே வந்து நின்றது.
அதைத் தள்ளினேன். பின்னால் ஒன்றுமில்லை.
வெளியே எதுவோ எரிந்துகொண்டிருந்தது.

பின் இருக்கையில்
மடியில் கீரைக்கட்டோடு ஒருத்தி.
அவள் உதடசைந்ததை யாரும் காணவில்லை.
'பால்' என்று கேட்டது.
நாம் குடிக்கும் பால் அல்ல,
உதடு அதிர்ந்து பிறக்கிற பால்.
மிச்சத்தை நான் சொல்லிக்கொண்டேன்.
முழுச்சொல் தந்திருந்தால்
அது அவள் குரலென்று தெரிந்திருக்கும்.
தொழில் தெரிந்தவள்.
பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

ஹெஸ்டர் கடைசியாக நடித்ததைப்
பேப்பர் எழுதவில்லை. நான் பார்த்தேன்,
வெள்ளவத்தையில் ஒரு சலூன் டிவியில்,
பாதி முகத்தில் நுரையோடு.
துப்பறியும் தொடர்.
மேசையில் பிணமாகக் கிடந்தாள்.
வசனம் இல்லை.
இன்ஸ்பெக்டர் பேசப் பேச
அவள் இமை ஒரு தரம் துடித்தது,
வெட்ட மறந்துவிட்டார்கள்.
ஆடாதீங்க ஐயா என்றான் சவரக்காரன்.
நான் ஆடவில்லை.
நாக்கு மட்டும்
மேற்பல்லின் பின்னால் போய்
நின்றது.